ஒரு நகரத்தால் ஒரு குழுவைத் தாங்க முடியுமா?

அமெரிக்காவில் பேஸ்பால் பெருநகரங்களுக்கு மட்டும் உரிய விளையாட்டன்று. ‘மேஜர் லீக்’ எனப்படும் உயர்மட்டப் போட்டியில் 30 குழுக்கள் ஆடுகின்றன. அவை பெரும்பாலும் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ போன்ற மாநகரங்களைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கீழே ‘மைனர் லீக்’ என்னும் பயிற்சிக்களம் நான்கு படிகளாக அமைந்துள்ளது. ஒவ்வொரு மேஜர் லீக் குழுவுக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு கிளைக்குழு உண்டு. ஆக மொத்தம் 120 குழுக்கள். இவற்றில் மிக உயர்ந்த படி ‘ட்ரிபிள் ஏ’. அங்கு ஆடும் ஒருவருக்கு இன்று மதியம் தொலைபேசி அழைப்பு வந்தால், இரவு அவர் மேஜர் லீக் திடலில் நிற்கலாம்.

இந்தக் கிளைக்குழுக்கள் பலவும் நடுத்தர நகரங்களில்தான் இயங்குகின்றன. எனவே, அத்தகைய நகரங்களில் ஒரு கேள்வி அவ்வப்போது எழும். நம் ஊருக்கும் ஒரு ட்ரிபிள் ஏ குழுவைக் கொண்டுவர முடியுமா? வந்தால் அது நிலைக்குமா? 2018ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை கூற வேண்டிய நிலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்கு ஏற்பட்டது. பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழைய தொழில் நகரம் அது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 206,518 பேர்.

வூஸ்டருக்குப் பேஸ்பால் புதியதன்று. 1880 முதல் 1882 வரை அந்நகருக்கென ஒரு மேஜர் லீக் குழுவே இருந்தது. எதிர்க்குழுவின் ஒருவரைக்கூட முதல் தளத்தை அடைய விடாமல் பந்தெறிந்து முடிக்கும் அரிய சாதனையை, மேஜர் லீக் வரலாற்றில் முதன்முதலாக லீ ரிச்மண்ட் நிகழ்த்தியது அங்கேதான். ஆனால், மூன்றே பருவங்களில் அக்குழு இல்லாமற்போனது. நெடுங்காலத்திற்குப் பிறகு, 2005ஆம் ஆண்டில் ‘வூஸ்டர் டொர்னேடோஸ்’ என்ற குழு உருவானது. முதல் ஆண்டிலேயே அது வெற்றிக் கிண்ணத்தையும் வென்றது. இருந்தும், பணநெருக்கடியில் சிக்கி 2012ஆம் ஆண்டோடு அதுவும் மறைந்தது.

சிறிய குழு ஒன்றையே காப்பாற்ற முடியாத ஊர், அதைவிடப் பெரிய குழுவை எப்படித் தாங்கும்? மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான ஐயம். ஆனால், டொர்னேடோஸ் எந்த மேஜர் லீக் குழுவையும் சாராத, தனித்து இயங்கிய குழு. ஆட்டக்காரர்களின் சம்பளம் முதல் அனைத்துச் செலவுகளையும் அதுவே ஏற்க வேண்டியிருந்தது. ட்ரிபிள் ஏ குழுவின் நிலை வேறு. அதன் ஆட்டக்காரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் தாய்க்குழுவே சம்பளம் கொடுக்கிறது. உள்ளூர் உரிமையாளர் நுழைவுச்சீட்டு, உணவு, விளம்பரம் ஆகியவற்றின் வருமானத்தைக் கொண்டு அரங்கத்தையும் அலுவலகத்தையும் நடத்தினால் போதும். எனவே, ஆட்டத்தின் தரம் உயரும் அளவுக்கு உரிமையாளரின் செலவு உயர்வதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. ஆட்டக்காரர்கள் உள்ளூருக்குச் சொந்தமானவர்கள் அல்லர். நன்றாக ஆடுபவரைத் தாய்க்குழு எந்த நாளிலும் மேலே அழைத்துக்கொள்ளும். கிண்ணத்துக்கான இறுதிக்கட்டத்தில் இருக்கிறோம், ஒரு வாரம் பொறுங்கள் என்று உள்ளூர்க் குழு கேட்க முடியாது. ஆகையால், மைனர் லீக் அரங்கிற்கு வரும் மக்களில் பெரும்பாலோர் வெற்றியை மட்டும் நம்பி வருவதில்லை. கோடைக்கால மாலையில் குடும்பத்தோடு வெளியே அமர்ந்து, குறைந்த செலவில் சில மணி நேரத்தைக் கழிக்கவே வருகின்றனர். தரமான ஆட்டம் அவர்களுக்குக் கூடுதல் இன்பம், அவ்வளவுதான்.

அப்படியானால், எத்தனை மாலைகள் அவர்கள் வர வேண்டும்? கணக்கு கடினமாவது இங்கேதான். இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கில் ஆடும் காற்பந்துக் குழு ஒன்று, ஒரு பருவத்தில் தன் சொந்தத் திடலில் 19 லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. வாரத்திற்கு ஒன்று என்பதுகூடக் கிடையாது. இன்றைய ட்ரிபிள் ஏ குழு ஒரு பருவத்தில் ஆடும் 150 ஆட்டங்களில் 75 ஆட்டங்கள் சொந்த அரங்கில் நடக்கின்றன. வெளியூர்க் குழு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினால் ஞாயிறு வரை தங்கி ஆறு ஆட்டங்கள் ஆடும். வெள்ளி, சனி மாலைகளில் அரங்கம் நிரம்புவதில் வியப்பில்லை. குளிர் விலகாத ஏப்ரல் மாதத்தில், மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் ஒரு புதன்கிழமை இரவில் யார் வருவார்கள் என்பதே கேள்வி.

ஓர் ஆண்டில் அரை மில்லியன் நுழைவுச்சீட்டுகள் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 75 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 6,700 பேர் வர வேண்டும். நகர மக்களை மட்டும் நம்பினால், கைக்குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டரை முறை வந்தாக வேண்டும். அது நடவாத செயல். ஆனால், வூஸ்டரைச் சுற்றியுள்ள அதே பெயர் கொண்ட மாவட்டத்தில் 862,000 பேருக்கு மேல் வாழ்கின்றனர். அவர்களையும் சேர்த்துக்கொண்டால், ஐந்து பேரில் மூவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே போதும். ஆகவே, நகரம் பெரியதா சிறியதா என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் காரோட்டி வந்து சேரக்கூடிய தூரத்தில் எத்தனை குடும்பங்கள் உள்ளன என்பதே முக்கியம்.

இதற்கு வேறொரு நகரமே சான்று. ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள பாட்டக்கெட் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 75,000 மட்டுமே. அது வூஸ்டரில் பாதிகூட இல்லை. ஆயினும், 1973 முதல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவின் ட்ரிபிள் ஏ குழு அங்கு ஆடிவந்தது. மக்கள் அதைச் செல்லமாகப் ‘பாசாக்ஸ்’ என்று அழைத்தனர். தொடக்கத்தில் அக்குழுவும் நொடித்துப்போனது. 1977இல் பென் மாண்டர் என்னும் தொழிலதிபர் அதை வாங்கினார். அரங்கத்தைத் தூய்மையாக வைத்துக்கொண்டு, கட்டணத்தை ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டும்படி வைத்தார். பக்கத்தில் மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸ் இருந்ததும் கைகொடுத்தது. 2005ஆம் ஆண்டில் அங்கு வந்தோரின் எண்ணிக்கை 650,000ஐத் தாண்டியது.

பாட்டக்கெட்டின் பெயர் விளையாட்டு வரலாற்றிலும் நிலைத்துவிட்டது. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மாலை ராச்செஸ்டர் குழுவுடன் அங்கு தொடங்கிய ஆட்டம், வழக்கமான ஒன்பது சுற்றுகளில் முடியவில்லை. 32 சுற்றுகள் ஆடியும் வெற்றி தோல்வியின்றி, விடியற்காலை நான்கு மணிக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. கடுங்குளிரில் அதுவரை இருக்கையை விட்டு அகலாமல் இருந்த பார்வையாளர்கள் 19 பேர். ஜூன் 23ஆம் நாள் ஆட்டம் மீண்டும் தொடங்கியதும், ஒரே சுற்றில் பாட்டக்கெட் 3-2 என்று வென்றது. தொழில்முறைப் பேஸ்பாலில் மிக நீண்ட ஆட்டம் இதுவே. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வேட் போக்ஸும் கேல் ரிப்கனும் அன்று எதிரெதிர்க் குழுக்களில் ஆடினர்.

இத்தகைய குழுவை இழக்க அந்நகருக்கு மனமில்லை. ஆனால், 1942இல் திறக்கப்பட்ட மெக்காய் அரங்கம் முதுமை அடைந்திருந்தது. மாண்டர் 2010இல் காலமானார். 2015இல் குழுவை வாங்கிய புதிய உரிமையாளர்கள் புதிய அரங்கம் வேண்டும் என்றனர். அதற்குப் பொதுப்பணமும் கேட்டனர். பிராவிடன்ஸ் ஆற்றங்கரையில் அமைக்கும் திட்டம் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ரோட் ஐலண்ட் மக்களின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, 38 ஸ்டூடியோஸ் என்ற காணொளி விளையாட்டு நிறுவனத்துக்காக மாநிலம் 75 மில்லியன் டாலர் கடனுக்குத் துணை நின்றது. அந்நிறுவனம் 2012இல் திவாலானது. அதைத் தொடங்கியவர் முன்னாள் ரெட் சாக்ஸ் பந்தெறியாளர். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா? சட்டமன்றம் 2018இல் ஒரு மாற்றுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோதிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் குழு வூஸ்டருக்கு மாறப்போவதாக அறிவித்தது.

வூஸ்டர் என்ன கொடுத்தது? பழைய தொழிற்சாலை ஒன்று நின்ற வெற்று நிலத்தில் அரங்கம் கட்ட, நகரம் தன் பெயரில் ஏறத்தாழ 100 மில்லியன் டாலர் கடன் வாங்க இசைந்தது. குழு ஒரு பகுதியை வாடகை வழியாகத் திருப்பித் தரும். எஞ்சியதற்கு நகரம் ஒரு வழி கண்டது. அரங்கத்தைச் சுற்றிய பகுதியைத் தனி வட்டாரமாக அறிவிப்பது, அங்கே தனியார் கட்டும் விடுதிகள், அடுக்குமாடி வீடுகள், கடைகள் ஆகியவற்றிலிருந்து வரும் புதிய சொத்து வரியைக் கொண்டே கடனை அடைப்பது என்பதே அத்திட்டம். ஏற்கெனவே வரி செலுத்திவரும் குடியிருப்பாளர்மீது சுமை ஏறாது என்று நகர நிர்வாகம் உறுதி கூறியது.

அரங்கங்களுக்குப் பொதுப்பணம் செலவிடுவதைப் பொருளியலாளர்கள் பலர் ஐயத்துடனேயே நோக்குவர். அவர்களுள் ஒருவரான விக்டர் மேத்தசன் வூஸ்டரிலேயே உள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் பேராசிரியர். அவர்களின் வாதம் எளிமையானது. ஒரு குடும்பம் பேஸ்பாலுக்காக 100 டாலர் செலவிட்டால், அந்த வாரம் உணவகத்துக்கோ திரையரங்குக்கோ போகாமல் இருக்கும். பணம் புதிதாகப் பிறப்பதில்லை. ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாறுகிறது. அரங்க வேலைகளும் பெரும்பாலும் பருவகால, பகுதிநேர வேலைகளே. வூஸ்டருக்கு ஆலோசகராக இருந்த ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட்டும் இத்தகைய செலவுகளை நெடுங்காலமாகக் குறைகூறிவந்தவர்தான். எனினும், இங்கு வரி வட்டாரத் திட்டம் தன் காலில் நிற்கக்கூடும் என்று அவர் கருதினார். இருவரையும் பிரித்தது பேஸ்பாலைப் பற்றிய கருத்தன்று. அரங்கத்தைச் சுற்றிக் கட்டடங்கள் உரிய காலத்தில் எழுமா என்பதே இக்கணக்கின் உயிர்நாடி.

அதைத்தான் எவராலும் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது. 2020இல் கொவிட் பெருந்தொற்று வந்தது. மைனர் லீக் பருவம் முழுவதும் இரத்தானது. கட்டுமானப் பணி தாமதமாகி, அரங்கத்தின் செலவு ஏறத்தாழ 160 மில்லியன் டாலராக உயர்ந்தது. தனியார் கட்டடங்கள் சில திட்டமிட்ட காலத்தில் எழவில்லை. கடன் தவணை மட்டும் காத்திருக்கவில்லை. உள்ளூர்ப் பானத் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் தாங்கிய ‘போலார் பார்க்’ அரங்கம் 2021ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. குழுவின் பெயர் ‘வூசாக்ஸ்’ ஆயிற்று. உலகம் அறிந்த மஞ்சள் நிறச் சிரிப்பு முகத்தை 1963இல் வரைந்த ஹார்வி பால் வூஸ்டர்க்காரர் என்பதால், குழுவின் சின்னத்திலும் ஒரு சிரிப்பு முகம் இடம்பெற்றது. 9,508 பேர் கொள்ளும் அவ்வரங்கிற்கு 2022ஆம் ஆண்டில் அரை மில்லியனுக்கு மேற்பட்டோர் வந்தனர்.

மக்கள் வருவார்களா என்ற கேள்விக்கு வூஸ்டர் இதுவரை நல்ல விடை அளித்துள்ளது. ஆனால், புதிய அரங்கைக் காணும் ஆவல் சில ஆண்டுகளில் தணியும். கடனோ பல பத்தாண்டுகளுக்குத் தொடரும். மேலும், 2021இல் மைனர் லீக் நிர்வாகத்தை மேஜர் லீக் தன் கைக்குள் கொண்டுவந்து, 160 குழுக்களை 120ஆகக் குறைத்தது. நாற்பது நகரங்கள் ஒரேயடியாகத் தங்கள் இடத்தை இழந்தன. எஞ்சியவற்றின் அரங்கங்களுக்கு விளக்குகள், உடைமாற்றும் அறைகள், பயிற்சிக்கூடங்கள் குறித்துப் புதிய தரவிதிகள் வந்தன. பல ஊர்களில் அரங்கம் நகரத்தின் சொத்து என்பதால், மேம்பாட்டுச் செலவும் நகரத்தையே சேர்ந்தது. ஆட்டக்காரர்கள் தாய்க்குழுவுக்குச் சொந்தம், குழு உரிமையாளருக்குச் சொந்தம், கடன் மட்டுமே நகரத்துக்குச் சொந்தம் என்ற நிலையில் பேரம் பேசுவது எளிதன்று.

பாட்டக்கெட்டில் பிரியாவிடை ஆட்டம்கூட நடைபெறவில்லை. 2020ஆம் ஆண்டின் கோடையில் மெக்காய் அரங்கத்தின் புல்தரையில் இடைவெளி விட்டு மேசைகள் போடப்பட்டு, குடும்பங்களுக்கு இரவு உணவு பரிமாறப்பட்டது. ஆட்டமில்லாத திடலில் அமர்ந்து உண்பதற்கும் மக்கள் வந்தனர். அந்த இடத்தில் புதிய உயர்நிலைப்பள்ளி கட்ட, நகர வாக்காளர்கள் 2022இல் ஒப்புதல் அளித்தனர். பின்னர் அதே நகரின் ஆற்றங்கரையில், அரசு துணைநின்ற கடனோடு வேறோர் அரங்கம் எழுந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட அதில் ஆடுவது ஒரு காற்பந்துக் குழு.