ஜனாதிபதித் தேர்தலில் நமது பங்கு

பாரத ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் விழுப்புரத்து வாசிக்கும் திண்டிவனத்து வாசிக்கும் என்ன பங்கு என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றே பலரும் சொல்வார்கள். நமக்கு வோட்டுச் சீட்டு வருவதில்லை. வாசலில் வந்து கைகூப்பும் அபேட்சகரும் கிடையாது. (ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் தேர்தல் இது ஒன்றுதான் என்று வீட்டில் உள்ளவர்கள் சந்தோஷப்படலாம்.) ஆயினும் நமக்குப் பங்கு உண்டு. எண்ணிக்கையிலே சொல்வதானால், விழுப்புரம் தொகுதிக்கு 176. திண்டிவனம் தொகுதிக்கும் அதே 176.

இந்த எண் பிறந்த விதத்தைப் பார்ப்போம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் சட்டசபைகளிலும் உள்ள அங்கத்தினர்கள். நியமனம் பெற்றவர்களுக்கு இதில் இடமில்லை. சட்டசபை அங்கத்தினரின் வோட்டுக்கு அவரவர் ராஜ்யத்து ஜனத்தொகையைக் கொண்டு மதிப்புப் போடுகிறார்கள். 1971-ஆம் வருஷத்துக் கணக்கில் தமிழ் நாட்டின் ஜனத்தொகை 4,11,99,168. அதைச் சட்டசபையின் 234 ஸ்தானங்களால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கிறது. தேர்தல் நாளன்று நம் அங்கத்தினர் சென்னைக் கோட்டைக்குப் போய், இளஞ்சிவப்புச் சீட்டில் அபேட்சகர்களுக்கு நேரே 1, 2 என்று தம் விருப்ப வரிசையைக் குறித்துவிட்டு வருகிறார். இரகசிய வோட்டு, இதில் கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது.

விழுப்புரத்தில் பஸ் ஏறி வளவனூரைத் தாண்டிச் சென்றால் சிறிது நேரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். அந்த எல்லைக்கு அப்பால் ஓர் அங்கத்தினரின் வோட்டுக்கு மதிப்பு வெறும் 16! 1992-ஆம் வருஷத்து 70-ஆவது திருத்தத்திற்கு முன் புதுச்சேரிக்கு இந்த 16-கூட இல்லை. அங்கே முப்பது அங்கத்தினரும் சேர்ந்தால் 480. இங்கே விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி ஆகிய மூன்று தொகுதிகளே 528. இது அநியாயமல்ல. ஜனங்கள் சிலராயிருக்க, ஸ்தானங்கள் பலவாயிருப்பதால் வந்த வித்தியாசம்.

சட்டசபைகளின் வோட்டு மதிப்பு முழுவதையும் கூட்டி, அதே அளவு பார்லிமெண்டுக்கும் வரும்படி பங்கிடுகிறார்கள். 2022-ஆம் வருஷத் தேர்தலில் சட்டசபைகளுக்கு 5,43,231, பார்லிமெண்டுக்கு 5,43,200. ஜெர்மனியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: மத்திய சட்டசபை அங்கத்தினரும், அதே எண்ணிக்கையில் ராஜ்ய சபைகள் அனுப்பும் பிரதிநிதிகளும் கூடி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சமஷ்டிக் குடியரசின் தலைவர் தலைநகரத்துக்கு மட்டும் சொந்தமானவர் அல்லர் என்பதே இதன் உட்பொருள்.

“மந்திரி சபை சொன்னபடி கையெழுத்திடுபவர்தானே, அவரைத் தேர்ந்தெடுக்க இத்தனை கணக்கா?” என்று நம்மைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கையெழுத்தின் வலிமையைத் தமிழ் நாடு அனுபவித்தே அறிந்திருக்கிறது. 1991-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி இங்கிருந்த மந்திரி சபை கலைக்கப்பட்டது. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கான அறிக்கையைத் தர மறுத்தார். 356-ஆம் ஷரத்தில் கவர்னர் அறிக்கையாலோ “வேறு விதமாகவோ” என்றிருப்பதைக் கொண்டு காரியம் நடந்தது. கையெழுத்திட்டவர் தஞ்சை ஜில்லா ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். ஜனாதிபதி நம்மவரா என்பதைவிட, ஷரத்து அவருக்கு எவ்வளவு இடம் தருகிறது, அவர் அதை உபயோகிக்கிறாரா என்பதே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. 1978-ஆம் வருஷத்து 44-ஆவது திருத்தத்தின்படி மந்திரி சபையின் யோசனையை அவர் ஒரு தரம் திருப்பி அனுப்பலாம். 1997-இல் உத்தரப் பிரதேச சர்க்காரைக் கலைக்கும் யோசனையைக் கே. ஆர். நாராயணன் அப்படித்தான் திருப்பினார். மத்திய சர்க்கார் அதைக் கைவிட்டது.

இப்பொழுது 176-க்கே திரும்புவோம். ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஜனத்தொகையை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? குடும்பக் கட்டுப்பாட்டைச் சிரத்தையாக நடத்திய ராஜ்யங்கள் நஷ்டமடையக் கூடாது என்பதற்காக, 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971-ஆம் வருஷத்துக் கணக்கை நிலைநிறுத்தியது. 2001-ஆம் வருஷத்து 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வெளியாகும் வரை அந்த ஏற்பாட்டை நீட்டியது. அந்தக் கெடு நெருங்கிவிட்டது.

ஸ்தானங்கள் மாறாமல் 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகையை மட்டும் வைத்து நாமே கணக்கிட்டுப் பார்த்தோம். நம் அங்கத்தினரின் மதிப்பு 176-லிருந்து 308 ஆகிறது. அடடா, ஏறிவிட்டதே என்று மகிழ வேண்டாம். உத்தரப் பிரதேசத்து அங்கத்தினருக்கு 208 என்பது 496 ஆகிவிடுகிறது! அவர் 100 என்றால் இப்போது நாம் 85. அந்தக் கணக்கில் 62. பள்ளிக்கூடமும் பிரசவ ஆஸ்பத்திரியும் கட்டிச் சிறு குடும்பத்துக்கு மாறிய ராஜ்யத்துக்கு இப்படி ஒரு வெகுமதி!

இந்தக் கெடுவை மறுபடி நீட்ட வேண்டுமானால், அது டில்லி மட்டும் செய்து முடிக்கும் காரியமல்ல. ஜனாதிபதித் தேர்தல் முறையைத் தொடும் திருத்தத்திற்குப் பாதி ராஜ்யங்களுக்குக் குறையாமல் சட்டசபைகளின் சம்மதமும் வேண்டும் என்கிறது 368-ஆம் ஷரத்து. அந்தச் சம்மதத் தீர்மானம் சென்னைக்கு வரும் நாளில் விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் ஆளுக்கொரு வோட்டு. 176 அல்ல, ஒன்றே ஒன்று.