டவர் ஃபுல்லா காட்டுது, நெட் ஏன் சுத்துது?

சாயங்காலம் ஏழு மணி. மளிகைக் கடையில் யுபிஐ-யில் பணம் போட்டுவிட்டு நிற்கிறீர்கள். போனின் உச்சியில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிரம்பியிருக்கின்றன. திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சேவை மையத்தைக் கூப்பிட்டால், “போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பார்கள். பெரும்பாலும் கோளாறு போனில் இல்லை. டவரின் அலை உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் சொல்லும். அந்த நேரத்தில் அந்த டவரில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. நீங்கள் ரீசார்ஜுக்குக் கொடுக்கும் காசு, அலைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள சிடிஎம்ஏ-வைவிட நல்ல பாடம் இல்லை. 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் தொடங்கி, மறு ஆண்டு 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ஊரெங்கும் விற்றதே, அந்தத் தொழில்நுட்பம்தான். டாடா இண்டிகாமும் அதுவே. அன்றைய ஜிஎஸ்எம் முறையில் ஓர் அலைவரிசையை எட்டு நேரத் துண்டுகளாக வெட்டுவார்கள். துண்டுகள் தீர்ந்துவிட்டால் அடுத்து வருபவருக்கு ‘நெட்வொர்க் பிஸி’தான். சிடிஎம்ஏ-யில் வெட்டுவதே கிடையாது. 1.25 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் தனிக் குறியீடு; அந்தக் குறியீடு தெரிந்த கருவி அந்தப் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும், மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். கல்யாண மண்டபத்தில் ஒரு பக்கம் தெலுங்கும் இன்னொரு பக்கம் மலையாளமும் நடக்கும்போதும், நம் காது தமிழைப் பிடித்துக்கொள்வது போலத்தான்.

சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. டவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் போன் பலமாக அலை வீசினால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் அலை அதில் அமுங்கிப்போகும். அதனால் டவர் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 800 தடவை, ‘கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை’ என்று உத்தரவிட்டுக்கொண்டே இருக்கும். அதே வழியில் வந்த 3ஜி-யில் இது நொடிக்கு 1,500 தடவை. டவரின் ஒரு திசைக்கு 64 குறியீடுகள் இருந்தாலும், அத்தனையும் நிரம்பும் முன்பே இரைச்சல் வரம்பு கட்டிவிடும். புதிதாக ஒருவர் சேரச் சேர இரைச்சல் ஏறும். அதை மீறிக் கேட்க எல்லாப் போன்களும் பலத்தைக் கூட்டும். ஊர்க்கோடியில் இருப்பவரின் போன் அதற்கு மேல் கூட்ட முடியாத நிலைக்கு வந்ததும் அழைப்பு அறுந்துவிடும். டவர் எட்டும் தூரமே கூட்டத்தில் சுருங்கி, இரவு ஓய்ந்ததும் பழையபடி விரியும். டவர் எட்டும் பரப்பை ‘செல்’ என்று அழைக்கும் பொறியாளர்கள், இதை ‘செல் மூச்சு விடுகிறது’ என்பார்கள். மதியம் நன்றாகப் பேசிய இடத்தில் மாலையில் பேச முடியாமல் போனதன் ரகசியம் இதுதான்.

இந்த நெகிழ்வு பொறியியலில் ஒரு சாதனை. வியாபாரத்துக்கு அதைவிட வசதி. யாரிடமும் ‘இடமில்லை’ என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே புது இணைப்பு விற்கலாம். ‘லைன் கிடைக்கவில்லை’ என்பதை நிரூபிக்கலாம். ‘சுமாராக இருக்கிறது’ என்பதை எப்படி நிரூபிப்பது?

சிடிஎம்ஏ போன்கள் மறைந்துவிட்டன. 4ஜி-யில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 100 கட்டங்களாகப் பிரித்து, யாருக்கு எத்தனை கட்டம் என்பதை டவர் ஒவ்வொரு மில்லிநொடியும் முடிவு செய்கிறது. முறை மாறியதே தவிர, பொதுச் சொத்தைப் பலர் பங்கிடுவது மாறவில்லை. இருப்பதைவிட அதிகம் பேருக்கு விற்பதே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் ஒரே நொடியில் பயன்படுத்துவதில்லை. ஆனால் தெருவில் அடுக்குமாடிகள் முளைத்த பிறகும் பழைய கணக்கிலேயே டவரை வைத்திருந்தால், அது நிறுவனத்தின் பொறுப்பு, நம் போனின் விதி அல்ல.

சட்டம் என்ன தருகிறது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகளின்படி, ஒரு மாவட்டத்தில் பெரிய அளவில் சேவை முடங்கி 24 மணி நேரம் தாண்டினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. இயற்கைப் பேரிடருக்கு மட்டும் விலக்கு. எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் அதே விதிதான். ஆனால் மாலை நெரிசல் முடக்கக் கணக்கில் வராது. அந்த வரைபடத்திலும் நெரிசல் தெரியாது.

அறுந்துபோகும் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளுக்கு மூன்று அழைப்புகள் வரை இழப்பீடு என்று 2015-ல் டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2017-ல் மோசமான டவர்களைத் தனியாகப் பிடிக்கும் அளவுகோல் வந்தது: 90 சதவீத செல்களில், 90 சதவீத நாட்களில் அறுபடல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது அது. இப்படிச் சதவீதக் கணக்கில் விடுபடும் செல்களில் உங்கள் தெரு இருந்தால் அளவுகோல் உங்களைக் காப்பாற்றாது. நீங்களேதான் எழுத்தில் கேட்க வேண்டும்.

அதற்கு முதலில் ஆதாரம். டிராயின் மைஸ்பீட் செயலியில், ஒரே இடத்தில் நின்று, நெரிசல் நேரத்திலும் விடியற்காலையிலும் ஒரு வாரம் அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விடியலில் பறந்து, மாலையில் படுத்தால், அது சிக்னல் பிரச்சினை அல்ல, கொள்ளளவுப் பிரச்சினை. பிறகு 198-க்கு அழைத்து, ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லாமல், ‘டவரில் நெரிசல்’ என்றே பதியச் சொல்லுங்கள். டாக்கெட் எண் (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அங்கே எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

நிறுவனத்தை மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. அதற்கு முன் புது நிறுவனத்தின் சேவையை வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரின் போனை அதே மாலை நேரத்தில் வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. சிக்னலைக் கூட்டித் தரும் என்று ஆன்லைனிலும் கடைகளிலும் விற்கும் பூஸ்டர்களை அனுமதியின்றி வைப்பது குற்றம். உங்கள் வீட்டில் ஒரு கோடு கூடலாம். அது டவருக்கு அனுப்பும் இரைச்சலில் தெருவே அவதிப்படும்.

வெள்ளம், புயல், திருவிழா நெரிசல்களில் அழைப்பு போகாவிட்டால் திரும்பத் திரும்ப டயல் செய்யாமல் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்குத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு. உயிர் ஆபத்து என்றால் 112. உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாக அந்த அழைப்பு போகும்.

நிறுவனம் கைவிரித்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று ஒரு காலத்தில் தீர்ப்பு இருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. டாக்கெட் எண், மேல்முறையீட்டுப் பதில், ஸ்கிரீன்ஷாட்கள், ரீசார்ஜ் ரசீது ஆகியவற்றோடு மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுங்கள்; முடிந்தால் தெருக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஆலோசனை வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வரை மனுவுக்குக் கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது.