ஒரு பக்கம்கூட நிரம்பாத ஆய்வுக் கட்டுரை

பள்ளி ஆய்வகக் குறிப்பேட்டில் நாம் எல்லோரும் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: 'சோதனை செய்து பார்த்தோம்; முடிவு சரியாக இருந்தது.' ஆசிரியரும் கையொப்பமிட்டு விடுவார். அவர் நம் அருகில் நின்று பார்த்தவர், நம்புகிறார். நம்மைக் கண்டே இராத ஒருவர், கடல் கடந்த ஊரில் அமர்ந்து அதைப் படித்தால் நம்புவாரா? அவருக்காக எழுதப்படுவதுதான் ஆய்வுக் கட்டுரை.

அதை எப்படி எழுதுவது? நல்ல கட்டுரை ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். 1928ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் 'ஒரு புதிய வகைத் துணைக் கதிர்வீச்சு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர்கள் திருச்சியில் பிறந்த சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும். கல்கத்தாவிலிருந்து பிப்ரவரி 16ஆம் தேதியிட்டு அனுப்பியது. இராமன் விளைவை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்ன அந்தக் கடிதம் ஒரு பக்கம்கூட நிரம்பாது!

தொடக்கத்திலேயே காம்ப்டனின் எக்ஸ் கதிர்ச் சிதறல் பற்றிப் பேசுகிறார்கள். அவர் கண்டது இது. அப்படியானால் சாதாரண ஒளியிலும் இருவகைச் சிதறல் இருக்க வேண்டுமல்லவா என்று கேள்வியை எழுப்புகிறார்கள். பிறர் கண்டதைப் பிறர் பெயரிலேயே சொல்லிவிட்டால், நாம் புதிதாகச் சேர்ப்பது எது என்பதும் தெளிவாகிவிடும்.

அடுத்து, செய்த முறை. சூரிய ஒளியைக் குவித்த தொலைநோக்கி லென்ஸின் விட்டம் 18 செ.மீ., குவியத் தூரம் 230 செ.மீ. என்று எண்ணோடு சொல்கிறார்கள். இரண்டு நிற வடிகட்டிகள். ஒன்று நீல ஊதா ஒளியை மட்டும் விடும். மற்றது மஞ்சள் பச்சையை மட்டும் விடும். இரண்டையும் ஒளியின் வழியில் வைத்தால் திரவத்தினுள் தெரியும் ஒளித்தடம் மறைந்துவிடும். மஞ்சள் பச்சை வடிகட்டியை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்தால்? உள்ளே போவது நீல ஊதா மட்டுமே. சிதறி வருவதும் அதுவே என்றால் கண்ணுக்கு எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மங்கலாகத் தடம் தெரிந்தது! ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறி வந்திருக்கிறது. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ தெரிந்தது.

இத்துடன் பேனாவை மூடியிருக்கலாம். ஆனால் விவரம் தெரிந்த வாசகர் உடனே கேட்பார்: 'இது ஒளிர்தலாக இருக்கலாமே?' சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உட்கவர்ந்து வேறு நிற ஒளியை வெளிவிடும். திரவத்தில் துளி மாசு இருந்தாலும் போதும். இது வெறும் வாதம் அன்று. இதே ஆய்வுக்கூடத்தில் 1923இல் கே. ஆர். இராமநாதன் அந்த மங்கலான தடத்தைக் கண்டார். திரவத்தை எவ்வளவு தூய்மை செய்தும் அது போகவில்லை. அப்படியும் 'வலுக்குறைந்த ஒளிர்தல்' என்றே அப்போது கருதினார்கள். ஆகவே 1928இன் கடிதம் பிறருடைய ஐயத்துக்கு மட்டுமன்றித் தங்கள் பழைய முடிவுக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது.

விடை இரண்டு. சாதாரணச் சிதறலோடு ஒப்பிட இந்த ஒளி மிக மங்கல். பல திரவங்களில் அதன் தளவிளைவு வலுவாக இருக்கிறது. நிறம் மாறிய ஒளி உண்டு என்பதற்கு வடிகட்டிச் சோதனையைச் சான்று என்றே உறுதியாகச் சொல்கிறார்கள். அது ஒளிர்தல் அன்று என்னும் இடத்திலோ, இவை இரண்டும் அதைக் காட்டுகின்றன என்று சற்று அடங்கிய சொல்லையே போடுகிறார்கள். கையிலிருக்கும் சான்றின் பலம் எவ்வளவோ, சொல்லின் பலமும் அவ்வளவே. எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்தது இந்த நிதானம்தான். வாயுக்களில் இந்த ஆய்வு மிகக் கடினம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

நீங்களும் எழுதிப் பாருங்களேன். பச்சைப்பயறு முளைக்க வைக்கும் சோதனையே போதும். 'நன்றாக முளைத்தது' என்பதை விட்டுவிடுங்கள். எத்தனை பயறு, எவ்வளவு நீர், எத்தனை மணி நேரம், முளைக்காதவை எத்தனை என்று எழுதுங்கள். எழுதியதை வேறு வகுப்பு நண்பனிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். எந்த வரியில் அவன் தடுமாறி உங்களைத் தேடி வருகிறானோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.