தரம் ஆறு மாணவிக்கு ஏன் இந்த ஊசி?

மூதூருக்கு அப்பால், மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்திருந்தது. விதைநெல் கடன் கணக்கைச் சரிபார்த்துக் கொண்டிருந்த வேளை, ஒரு தாய் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“சுவாமி, இந்த ஊசியைப் போட்டால் பின்னுக்குப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காது எண்டு சனம் கதைக்குது. நான் ஓம் எண்டு சொல்லலாமோ?”

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும்போது, அதே கிராமத்தில் வாழ்ந்த இன்னொரு பெண் என் நினைவுக்கு வந்தார். மாதவிடாய் நின்று பல மாதங்கள் சென்ற பின்னரும் அவருக்கு இரத்தம் பட்டது. வெட்கத்தினால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாற்று நடவும் களை பிடுங்கவும் வழமை போலப் போய்வந்தார். நாங்கள் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது நோய் முற்றியிருந்தது. அடுத்த பெரும்போக அறுவடையை அவர் காணவில்லை. அந்த நோயின் பெயர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். கடிதத்தில் எழுதப்பட்டிருந்த ஊசி அதைத் தடுக்கும் ஊசியேயாகும்.

நோய் எங்கிருந்து வருகின்றது?

கருப்பையின் வாய்ப்பகுதியையே கருப்பைக் கழுத்து என்கிறோம். அங்கு தோன்றும் புற்றுநோய் அனைத்துக்கும் பெரும்பாலும் ஒரே காரணம் எச்.பி.வி. எனப்படும் மனிதப் பப்பிலோமா வைரசு. ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களின் தொடக்கத்தில் இத்தொடர்பைக் கண்டறிந்தார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வைரசில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பெரும்பாலானவை பெரிய தீங்கு செய்வதில்லை. 16, 18 என்னும் இரண்டு வகைகளே இப்புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபது வரையானவற்றுக்குக் காரணமாகின்றன.

வைரசு உடலுறவின் மூலமும், அந்தரங்க உறுப்புகளின் தோலோடு தோல் படுவதாலும் தொற்றுகின்றது. கிணற்று நீரால், ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால், முகாமில் பலர் பாவித்த மலசலகூடத்தால் இந்நோய் வருவதில்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் அது முழுப் பாதுகாப்பு அல்ல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்நோய் வந்த பெண்ணை ஒழுக்கம் கெட்டவள் என்று பேசுவது பெரும் அநியாயம். மண வாழ்வில் உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இத்தொற்று ஏற்படுகின்றது. அது பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி இருக்கக்கூடும். கணவன் ஒருவரை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் அது வரலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று பொதுவாக எவராலும் சொல்ல முடியாது. ஆண்களும் இதைக் காவுகின்றனர். அவர்களுக்கும் தொண்டை, ஆணுறுப்பு, குதம் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்பட இவ்வைரசு காரணமாகலாம்.

நல்ல செய்தி என்னவெனில், பத்தில் ஒன்பது தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியினாலேயே நீங்கிவிடுகின்றன. நீங்காத சிலவே கலங்களை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. அது புற்றுநோயாக முற்றுவதற்கு வழமையாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுக்கும். புகைபிடிப்போரிலும் எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவரிலும் ஆபத்து அதிகம். இந்த நீண்ட காலம் நமக்குக் கிடைத்த தவணை. அதைப் பயன்படுத்தாமையே உயிர்களைப் பறிக்கின்றது. 2022இல் உலகில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பெண்கள் இந்நோயால் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் எம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஊசி என்ன செய்கின்றது?

மாடு புகுந்த பிறகு வேலி அடைத்துப் பயனில்லை. தடுப்பூசியும் அப்படியே. வைரசு உடலில் புகுவதற்கு முன்னரே ஏற்ற வேண்டும். பத்து, பதினொரு வயதில் கொடுப்பதற்கு இதுவே காரணம். அந்த வயதில் பிள்ளையின் உடலும் ஊசியை ஏற்று நல்ல எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகின்றது.

இலங்கையில் 2017ஆம் ஆண்டு தரம் ஆறு மாணவியருக்கு இவ்வூசி தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்ற முறையில் அது பாடசாலைகளிலேயே இலவசமாக ஏற்றப்பட்டது. ஓர் ஊசியும் போதிய பாதுகாப்புத் தரலாம் என 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு எத்தனை ஊசிகள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள்.

சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தது 2006இல். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கூடாரத்துக்குள் வாழ்வு தொடங்கியது. அவ்வாண்டில் பிறந்த பெண் குழந்தைகள்தாம் 2017இல் தரம் ஆறில் இருந்தவர்கள். பிறக்கும்போதே ஊரை இழந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பாவது முதலில் கிடைத்தது.

பிள்ளை பிறக்காது என்ற கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. வைரசின் வெளிக்கோதைப் போன்ற புரதம் மாத்திரமே உள்ளது. ஊசி போட்ட இடத்தில் நோவு, வீக்கம், சிலருக்குச் சிறு காய்ச்சல் அல்லது தலைச்சுற்று ஏற்படலாம். எனவே பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஊசி போட்டபின் கால்மணி நேரம் இருக்கட்டும். உண்மையில், முற்றிய புற்றுநோய்க்குச் செய்யும் சிகிச்சையே தாய்மையைப் பறிக்கக் கூடியது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். சுவீடன் நாட்டில் பதினேழு வயதுக்கு முன் ஊசி பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் நூற்றுக்கு 88 வீதம் குறைந்திருந்ததாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிள்ளை கெட்டுப்போக இது வழிவிடாதா எனச் சில பெற்றோர் அஞ்சுகின்றனர். ஒழுக்கத்தைக் கற்பிப்பது வீடும் ஆலயமும். ஊசி அந்த வேலையைச் செய்யவும் மாட்டாது, கெடுக்கவும் மாட்டாது. நாளை அவள் கைபிடிக்கப் போகிறவரின் உடலில் என்ன இருக்கின்றது என்பதை இன்று யார் அறிவார்?

தாய்மாருக்கு என்ன வழி?

ஏற்கனவே உள்ள தொற்றை ஊசி மாற்றாது. தாய்மாருக்கு உரியது பரிசோதனை. 1996 முதல் சுகாதாரத் திணைக்களம் சுகவனிதையர் கிளினிக்குகளை நடத்தி வருகின்றது. 35, 45 வயதுகளில் பெண்கள் அங்கு பப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களைத் தடவி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை. வெட்டோ தையலோ இல்லை. மாற்றம் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தச் சிறு பகுதியை மாத்திரம் அகற்றிக் குணப்படுத்தலாம்.

இடம்பெயர்ந்த எமது பெண்கள் பலர் முகாமிலிருந்தபோதே முப்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். தகரக் கொட்டிலில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்றவருக்குப் பரிசோதனை எங்கே நினைவிருக்கும்? தவறியது தவறியதாக இருக்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. தரம் ஆறில் உள்ள மகளை, ஊசி போடும் நாளில் வயல் வாடிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தவறவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள்.

2. பாடசாலை மாறும்போது தடுப்பூசி அட்டையையும் கொண்டு செல்லுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதனைத் தெரிவியுங்கள்.

3. முப்பத்தைந்தைக் கடந்தும் பரிசோதனை செய்யாத பெண்கள் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் திகதி கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம்.

4. மாதவிடாய்க்கு இடையிலோ, உடலுறவின் பின்னரோ, மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தம் பட்டாலும், துர்நாற்றத்துடன் வெள்ளைபட்டாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

5. கணவன்மாரே, மனைவி கிளினிக் போகும் நாளில் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள். ஒரு நாள் கூலி போனால் உழைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாய் கடிதத்தை மடித்துக் கொண்டார். “அப்ப நானும் ஒருக்கால் போய்க் காட்டட்டோ?” என்று கேட்டார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. மறு கிளினிக் நாளில் மாதர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள்.