தீபாவளிக்கு முன் எட்டு மணி நேரத் தூக்கம்

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில் பலகாரம் செய்து விற்கும் எங்களுக்கு வருஷம் என்பது பன்னிரண்டு மாதம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஆறேழு வாரம்தான் வருஷம். அச்சு முறுக்கு, கை முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை எல்லாம் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்களில் அடைபட்டு கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் போகும். ஷா ஆலாம் அலுவலகங்களிலிருந்தும் ஆர்டர் வரும். அந்த வாரங்களில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தூங்குவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

எனக்கு அந்தப் பெருமை கூடாது. எனக்கு பைபோலார் இருக்கிறது. மனம் சில காலம் எழ முடியாதபடி சோர்ந்து கிடக்கும். சில காலம் கட்டுக்கு அடங்காமல் மேலே பறக்கும். இந்தப் பறத்தலுக்கு மேனியா என்று பெயர். தூக்கம் குறைவது மேனியாவின் அறிகுறி. அதைக் கிளப்பிவிடுவதும் தூக்கக் குறைவுதான். இரண்டு ராத்திரி கண்விழித்தால் மற்றவர்கள் துவண்டு விழுவார்கள். நான் துவளாமல் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டும்.

மனநோய் உள்ளவர் தொழில் செய்கிறார் என்றால், சோகமாக உட்கார்ந்து கடையைக் கவனிக்காமல் விடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும். ஆனால் என் தொழிலை ஏறக்குறைய முடித்துவைத்தது என் சோகம் இல்லை, என் உற்சாகம். அந்த நாட்களில் என்னைப் போல் பேசி விற்க ஆள் கிடையாது. புதுக் கடைகளில் ஆர்டர் பிடித்தேன். சிங்கப்பூருக்கு ஏற்றுமதி என்றேன். மேரு சாலையில் ஒரு கடைவீட்டுக்கு முன்பணம் கட்டினேன். அரிசி மாவு மூட்டைகள் வரவேற்பறைக் கூரையைத் தொட்டன. சொந்தக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ‘இந்தப் பொண்ணு முன்னேறிட்டா’ என்றார்கள். அண்ணி மட்டும்தான், “நீ எப்ப கடைசியா தூங்கின?” என்று கேட்டார். மாவில் வண்டு விழுந்தபோது நான் கட்டிலில் கிடந்தேன்.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அண்ணிதான் கூட்டிப் போனார். அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட். பணம் பெரிதில்லை, காத்திருப்புதான் பெரிது. ஒரு காலை வேளை முழுக்கப் போய்விடும். லித்தியம் எழுதிக் கொடுத்தார்கள். அது உப்பு வகை மருந்து. மேனியாவுக்கு அது வேலை செய்கிறது என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். பழைய மருந்து என்றாலும் இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. ரத்தத்தில் அளவு குறைந்தால் பலன் இல்லை, கூடினால் நஞ்சு. அதனால் மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிப்பார்கள்.

அடுப்படியில் நிற்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வியர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். இடுப்பு வலி என்று மருந்துக்கடையில் ஐபூப்ரூஃபென் போன்ற மாத்திரை வாங்கி விழுங்கினாலும் ஏறும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் சமையல்கட்டில் காற்றாடி இருக்கிறது, என் பெயர் எழுதிய தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. உப்பைத் திடீரென்று குறைப்பதும் கூடாது. அதனால் விரதம், பத்தியம் எது என்றாலும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கையில் மெல்லிய நடுக்கமும் வந்தது. அச்சு முறுக்குக்கு அச்சை மாவில் விளிம்பு வரைதான் முக்க வேண்டும். கை தவறி மாவு மேலே ஏறிவிட்டால் முறுக்கு கழன்று வராது. அந்த வேலையை இன்னொரு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எண்ணெயில் விட்ட பிறகு அச்சை ஆட்டிவிடுகிற வேலைக்கென்றே என் கை பிறந்திருக்கிறது என்று அவர் கிண்டல் செய்வார்.

மருந்து பாதி, மீதி பாதி ஏற்பாடு. நிறுவனங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம்.மில் என் பெயரில் மட்டும் எண்டர்பிரைஸ் பதிந்திருந்தேன். அதில் தொழிற்கடன் எல்லாம் சொந்தக் கடன்தான். வீடு வரைக்கும் வரும். பிறகு அண்ணியையும் பங்குதாரராகச் சேர்த்து, சென்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாக மாற்றினோம். 2016 நிறுவனச் சட்டப்படி ஒரே ஆள் இயக்குநராக இருந்தே நிறுவனம் நடத்தலாம். மற்றவர்களுக்கு வசதி, எனக்கு ஆபத்து. எங்கள் காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். மாவும் எண்ணெயும் வாங்குகிற மொத்தக்கடைத் தவுக்கேயிடம், வழக்கமான அளவுக்கு மேல் நான் போன் செய்து கேட்டால் அண்ணியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லி வைத்தோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சூதாடுகிற கணவன் இருப்பதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நானும் திருத்தவில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். நம் நாட்டு 1950 ஒப்பந்தச் சட்டம், கையெழுத்துப் போடும் நேரத்தில் அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு தன் நன்மை தீமையை எடைபோடும் தெளிவு இருந்ததா என்றுதான் பார்க்கிறது. நோய் இருக்கிறது என்பதற்காகவே ஒருவர் ஒப்பந்தம் செய்யும் உரிமையை இழப்பதில்லை. இது எனக்கு மரியாதை. ஆனால் மேனியாவில் இருக்கிறவள் யாரையும்விடத் தெளிவானவளாகத் தெரிவாள். கடைவீட்டுக்காரரிடம் ‘அன்றைக்கு நான் நானாக இல்லை’ என்று நிரூபிப்பது சுலபமா? இரண்டாவது கையெழுத்து வக்கீலைவிட மலிவு.

கலிஃபோர்னியாவில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற மனநல மருத்துவரின் குழு 242 தொழில்முனைவோரிடம் கேட்டதில், 49 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகச் சொன்னார்கள். பைபோலார் 11 விழுக்காடு. ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் 1 விழுக்காடு. இதைக் காட்டி, நோய்தான் முதலாளியாக்குகிறது, அது ஒரு வரம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வேறு எங்கும் வேலை நிலைக்காததால் சொந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாமே? நான் அந்த ரகம். காப்பார் பக்கத்துத் தொழிற்சாலையில் வாரத்துக்கு ஒரு முறை ஷிப்ட் மாறும். ராத்திரி ஷிப்ட் வந்தாலே என் தலை கெட்டுவிடும்.

இந்த நாட்டில் இதை வெளியே சொல்வது கஷ்டம். 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையின் பெயரால், ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பது இன்னமும் நம் வீட்டுக் கேலிப்பேச்சு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. 2019-இல் இருந்ததைப்போல் இரு மடங்கு. இவர்களில் எத்தனையோ பேர் கடை வைத்திருப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவும் 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு உதவி கேட்கவே பயந்தவர்கள் உண்டு. வட்டி முதலைகளுக்குப் பயந்து ராத்திரியில் விழித்துக் கிடக்கும் சிறுவியாபாரிகளுக்குச் சொல்கிறேன்: மனம் விட்டுப் பேச உதவும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

இப்போது நாங்கள் தீபாவளிக்கு இத்தனை போத்தல்தான் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுகிறோம். இரவு ஒன்பதரைக்கு கேஸ் மூடப்படும். எழுதிய அளவுக்கு மேல் ஆர்டர் வந்தால் பக்கத்துத் தாமானில் பலகாரம் போடுகிற அக்காவுக்குக் கைமாற்றிவிடுவோம்.

சோர்வு வரும் மாதங்களுக்கு வேறு ஏற்பாடு. சுயதொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. வேலை நேரத்தில் எண்ணெய் கொட்டிக் கால் வெந்தால் அது கைகொடுக்கும். எழுந்து பல் துலக்க முடியாத வாரங்களை அது கணக்கில் எடுப்பதில்லை. சொந்தத் தொழிலில் மருத்துவ விடுப்பும் இல்லை. அதனால் ஒவ்வொரு போத்தலிலும் 50 சென் தனிக் கணக்குக்குப் போகிறது. நான் படுத்துவிட்டால் வேலை செய்கிற அக்காமார்களின் சம்பளமும் கேஸ் பில்லும் அதிலிருந்து கொடுக்கப்படும். போன வருஷம் அதைத் தொடவில்லை. அந்தப் பணத்தில் பெரிய மாவு இயந்திரம் ஒன்று வாங்கிப் போடலாம் என்று அண்ணி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறேன்.