ஒரு சொட்டு ரத்தம், ஒரு சீரியல், ஒரு புத்தகம்

தெரானோஸ் கதையை நான் முதல்ல பார்த்தது 'தி டிராப்அவுட்' (2022) தொடர்ல. எட்டு பகுதி, ரெண்டே ராத்திரி. அமாண்டா சேஃப்ரிட் அந்தக் கட்டைக் குரலை அப்படியே பிடிச்சிருக்காங்க, எம்மி கொடுத்ததுல தப்பே இல்லை. ஆனா முடிஞ்சதும் எலிசபெத் ஹோம்ஸ் மேல லேசா ஒரு பரிதாபம் வந்துச்சு பாருங்க, அங்கதான் இடிக்குது.

(பிளாக்பெர்ரி படமும் பார்த்தேன், 2023ல வந்தது. நல்லா சிரிக்கலாம். அது தனிப் பதிவு.)

அப்புறம்தான் ஜான் கேரிரூவின் 'பேட் பிளட்' (2018) படிச்சேன். ஹோம்ஸை விட என்னை உலுக்கினது டைலர் ஷுல்ட்ஸ். படிச்சு முடிச்ச கையோட 2013ல அங்கே வேலைக்குச் சேர்ந்த பையன். ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப சோதிச்சா எண்கள் தாறுமாறா வருது. ஒத்துவராத எண்களைக் கழிச்சுட்டு துல்லியம்னு கணக்கு காட்டுறாங்க. கேள்வி கேட்டான், 2014ல வேலையை விட்டான். தாத்தா ஜார்ஜ் ஷுல்ட்ஸ், முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர், அதே கம்பெனியோட இயக்குநர் குழுவில்! பேரனை நம்பலை. வக்கீல் செலவே நாலு லட்சம் டாலருக்கு மேல, பெத்தவங்க கட்டினாங்க.

2022ல ஹோம்ஸுக்கு 11 வருஷத்துக்கு மேல தண்டனை. அதுவும் முதலீட்டாளர்களை ஏமாத்தினதுக்கு மட்டும்!

நானும் லேப்ல, வளைகோட்டில் உட்காராத புள்ளியை "மெஷின் கோளாறு"ன்னு ஒதுக்கினவன்தான். பழைய நோட்டை எடுத்து, காரணம் எழுதாம விட்டதை எண்ணினேன். மூணு. புரொபசர்கிட்ட இன்னும் சொல்லலை. திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு.