அடுத்த வீட்டுப் பூனையும் அக்கம்பக்கத்துச் சண்டையும்

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் அதை ஒட்டி இருக்கின்றன. பக்கத்திலேயே உப்பனாறு ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பால் கடல்.

ஆறும் கடலும் உள்ள ஊரில் மீனுக்குப் பஞ்சம் இல்லை. மீன் இருக்கும் இடத்தில் பூனைக்கும் பஞ்சம் இல்லை!

பூனை நல்ல பிராணிதான். எலியைப் பிடிக்கும். குழந்தைகளோடு விளையாடும். ஆனால் நெருக்கமாக வீடுகள் உள்ள தெருவில், ஒரு வீட்டுப் பூனை ஒரு வீட்டோடு நிற்காது. அடுத்த வீட்டுப் பால் சட்டியை உருட்டும். மாடியில் காயும் கருவாட்டை இழுக்கும். வாசல் மணலைக் கிளறி அசுத்தம் செய்யும்.

இரவானால் கடுவன் பூனைகளின் சண்டை! குழந்தை அழுவது போன்ற சத்தம். காலை "ஷிப்டு"க்குப் போக வேண்டிய தொழிலாளி எப்படித் தூங்குவார்?

சோறு போடுகிறவர் ஒருவர். தொல்லைப்படுகிறவர் வேறு ஒருவர். சண்டை பிறக்கும் இடம் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்!

பெட்டைப் பூனை பிறந்த ஐந்து, ஆறு மாதத்தில் பருவம் அடைந்துவிடும். கர்ப்ப காலம் ஒன்பது வாரம்தான். ஒரு ஈற்றில் சாதாரணமாக நாலு குட்டிகள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறைகூட குட்டி போடும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருக்கும்போதே மறுபடியும் சினையாகிவிடுவதும் உண்டு.

ஆண்டுக்கு எட்டுக் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயிலும் பசியிலும் பாதி இறந்தாலும் நாலு மிஞ்சும். அதில் இரண்டு பெட்டை என்றால், அடுத்த ஆண்டு தாயோடு சேர்த்து மூன்று பெட்டைகள் குட்டி போடும். ஆசைக்கு வளர்த்த ஒரு பூனை, இரண்டே ஆண்டில் தெருவை நிரப்பிவிடும்.

விரட்டினால் போகுமா?

சிலர் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். பல பூனைகள் வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும் பயன் இல்லை. மீன் செதிலும் எச்சில் சோறும் தெருவில் கிடக்கும் வரையில், காலியான இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும்.

சிலர் ஆத்திரத்தில் விஷம் வைத்துவிடுகிறார்கள். அது கொடிய செயல். தெருவில் விளையாடும் குழந்தை அதைத் தின்றுவிட்டால்? அது குற்றமும்கூட. பிராணியை விஷம் வைத்துக் கொன்றால், பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும். பட்டினி கிடக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவதும், 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சிங்கப்பூரில் நடந்தது

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இருந்து எத்தனையோ பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான மக்கள் அரசாங்கம் கட்டிய அடுக்கு மாடி வீடுகளில்தான் வசிக்கிறார்கள்.

அந்த வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்று 1989-ம் ஆண்டு முதல் தடை இருந்தது. தடையால் பூனைகள் ஒழிந்தனவா? இல்லை. பலர் ரகசியமாக வளர்த்தார்கள். தெருப் பூனைகளும் இருந்தன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

2024-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி தடை நீக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம். ஆனால் உரிமம் வாங்க வேண்டும். பூனையின் உடலில், அடையாளம் காட்டும் சிறு "சிப்" பொருத்த வேண்டும். பூனை வெளியே ஓடாமல் ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். கருத்தடை செய்த பூனைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் உரிமம் இலவசம் என்றும் சலுகை தரப்பட்டது. ஏழைக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசக் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

விரட்டுவதை விட்டு, பெருக்கத்தைத் தடுக்கும் வழிக்கு வந்தார்கள்!

தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. 1959-ம் ஆண்டு சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம், 1964-ம் ஆண்டிலேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது.

ஒரு சிறு ஆபரேசன்

மயக்க மருந்து கொடுத்து ஆபரேசன் செய்கிறார்கள். பெட்டைக்குக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவார்கள். கடுவனுக்கு விதையை நீக்குவார்கள். கடுவன் அநேகமாக அன்றே வீடு திரும்பிவிடும். பெட்டைக்குச் சில நாள் ஓய்வு வேண்டும்.

ஆபரேசனுக்குப் பின் கடுவனின் அலைச்சலும் சண்டையும் குறையும். சுவரில் பீய்ச்சும் நாற்றமும் குறையும். "ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பது தவறான எண்ணம். "கருத்தடை செய்தால் எலி பிடிக்காது" என்பதும் தவறு. வேட்டைக் குணம் போகாது.

தெருப் பூனைக்கு ஆபரேசன் செய்யும்போது, அந்த மயக்கத்திலேயே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடும் வழக்கம் உண்டு. அது அடையாளம். அந்தப் பூனையை மறுபடியும் பிடிக்க வேண்டியது இல்லை.

கடித்தால் என்ன செய்வது?

வெறிநோய் நாயால் மட்டும் வருவது அல்ல, பூனையாலும் வரும். பூனை கடித்தாலோ, கீறினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவக் கூடாது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பு ஊசி இலவசம். எல்லா ஊசியையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. வளர்க்கிற பூனைக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பு ஊசி போடுவது வளர்ப்பவரின் கடமை.

கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் மலத்தைத் தொடக் கூடாது. வேறு யாராவது அதை அள்ளட்டும்.

மணி கட்டுவது யார்?

"நான் சோறுதானே போடுகிறேன். அது என் பூனை இல்லையே!" என்பார்கள் சிலர். தினமும் சோறு போட்டால் பொறுப்பும் உண்டு. பூனை நம் வாசலை நம்பித்தானே குட்டி போடுகிறது?

பக்கத்து வீட்டுக்காரரும் சத்தம் போடுவதை விட்டு, "அக்கா, ஆபரேசன் செலவில் பாதி நான் தருகிறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். தெருவில் பத்து வீடு இருந்தால், பத்து வீடும் ஆளுக்குக் கொஞ்சம் போடலாம். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையில் விசாரித்து நாள் குறித்துக்கொள்ளலாம். முதலில் பெட்டைப் பூனைகளைக் கொண்டுபோக வேண்டும். மீன் கழிவை மூடிய தொட்டியில் போட வேண்டும். சோறு போடுகிறவர், குறித்த நேரத்தில், தன் வாசலிலேயே போட்டு, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

பூனைக்காக மனிதர்கள் பகைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர்களின் பகைக்காகப் பூனையும் சாக வேண்டாம்!